பூடான் பயணம்: இரவுக் கணக்கில் தொடங்கி எக்ஸிட் முத்திரை வரை

ஊர் சுற்றக் கிளம்புகிறவர்கள் வழக்கமாக முதலில் இடங்களைப் பட்டியல் போடுவார்கள், அப்புறம்தான் எத்தனை நாள் ஆகும் என்று பார்ப்பார்கள். பூடானுக்கு இந்த வரிசை சரிப்படாது. அங்கே அரசாங்கம் வாங்கும் கட்டணமே ஒரு ராத்திரிக்கு இவ்வளவு என்றுதான் இருக்கிறது. அதனால் பூடான் போகப் போகிறேன் என்று யாராவது சொன்னால், நான் முதலில் கேட்பது "எத்தனை ராத்திரி?" என்பதைத்தான். பதில் வந்துவிட்டால் பர்மிட், பணம், வண்டி, வழி எல்லாம் அதன் பின்னால் தானாக வரிசையில் வந்து நிற்கும்.

பூடான் 1974-ல்தான் வெளிநாட்டுப் பயணிகளுக்குக் கதவைத் திறந்தது. நான்காம் மன்னர் ஜிக்மே சிங்யே வாங்சுக்கின் முடிசூட்டு விழா அந்த வருடம் நடந்தது. கூட்டம் குறைவாக வரட்டும், வருகிறவர்கள் நிறையச் செலவு செய்யட்டும் என்பதுதான் அன்றிலிருந்து அவர்கள் கொள்கை. பல வருடங்களாக வெளிநாட்டவர் ஒரு நாளைக்கு 200 அல்லது 250 டாலர் பேக்கேஜ் எடுத்தே ஆக வேண்டும் என்று இருந்தது. 2022-ல் அந்தப் பேக்கேஜ் முறையை எடுத்துவிட்டார்கள். இணையத்தில் இன்றும் பாதிப் பேர் அந்தப் பழைய கணக்கைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். "250 டாலரில் ஓட்டல், சாப்பாடு, கைடு எல்லாம் அடக்கம்" என்று எங்கேயாவது படித்தால், அது பழைய கதை என்று தள்ளிவிடுங்கள்.

இப்போது இருப்பது எஸ்டிஎஃப், அதாவது நிலைத்த வளர்ச்சிக் கட்டணம். இது முழுக்க அரசுக்குப் போகிற பணம். ஓட்டல், சாப்பாடு, வண்டி, கைடு எதுவும் இதில் வராது.

முதலில்: உங்கள் பாஸ்போர்ட் எந்த நாட்டுடையது?

இந்தியக் குடிமக்களுக்கு விசா வேண்டாம், நுழைவு பர்மிட் போதும். எஸ்டிஎஃப் ஒரு ராத்திரிக்குத் தலைக்கு 1,200 ரூபாய். பூடான் பணமான நுல்ட்ரமும் இந்திய ரூபாயும் சரிக்குச் சரி என்பதால் கணக்குப் போடுவதில் குழப்பம் இல்லை.

இலங்கை, மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று வேறு பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் விசா எடுக்க வேண்டும். விசாவுக்கு 40 டாலர், திரும்பக் கிடைக்காது. எஸ்டிஎஃப் ராத்திரிக்கு 100 டாலர். 2022 செப்டம்பரில் இதை 65-லிருந்து 200-ஆகத் தூக்கினார்கள். ஆள் வரத்துக் குறைந்ததும் அடுத்த வருடம் செப்டம்பரில் பாதியாக்கினார்கள். இந்தச் சலுகை 2027 ஆகஸ்ட் 31 வரை என்று அறிவித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு போவதாக இருந்தால் அப்போதைய கட்டணத்தைப் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

ஓசிஐ அட்டை, அதாவது வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்கு இந்தியா தரும் அட்டை, வைத்திருப்பவர்கள் இங்கேதான் ஏமாந்து போகிறார்கள். இந்தியாவில் அந்த அட்டைக்கு என்ன மரியாதை இருந்தாலும், பூடான் பார்ப்பது பாஸ்போர்ட்டை மட்டும்தான். ஒரே குடும்பத்தில் அண்ணன் இந்திய பாஸ்போர்ட், தம்பி அமெரிக்க பாஸ்போர்ட் என்றால், அண்ணனுக்கு 1,200 ரூபாய், தம்பிக்கு 100 டாலர். இரண்டு பேரும் ஒரே வண்டியில்தான் போவார்கள், ஒரே அறையில்கூடத் தூங்கலாம். கட்டணம் மாறாது.

குழந்தைகளுக்குச் சலுகை உண்டு. 6 வயதுக்குக் கீழே கட்டணமே இல்லை. 6 முதல் 12 வயதுக்குள் பாதி.

ராத்திரிக் கணக்கு

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். இந்தியக் குடும்பம்: அப்பா, அம்மா, 9 வயதுப் பெண், 4 வயதுப் பையன். ஐந்து ராத்திரி. பெரியவர்கள் இருவருக்கும் 12,000. பெண்ணுக்கு ராத்திரிக்கு 600 வீதம் 3,000. பையனுக்கு ஒன்றுமில்லை. ஆக 15,000 ரூபாய், காலடி எடுத்து வைப்பதற்கு மட்டும். அதே ஐந்து ராத்திரிக்குக் கொழும்பிலிருந்து போகும் தம்பதிக்கு எஸ்டிஎஃப் 1,000 டாலர், விசா 80 டாலர், மொத்தம் 1,080.

ஒரு ராத்திரி கூடினால் என்ன கூடும், குறைந்தால் என்ன குறையும் என்று இப்போது கையில் ஒரு எண் இருக்கிறது. இதை வைத்துக்கொண்டுதான் மற்றதை முடிவு செய்ய வேண்டும். விமான நிலையம் இருக்கும் பாரோ, தலைநகர் திம்பு, பழைய கோட்டை மடாலயம் இருக்கும் புனாகா மூன்றையும் அவசரமில்லாமல் பார்க்க ஐந்து ராத்திரி வேண்டும். நான்கில் முடிக்கலாம், ஆனால் வண்டியிலேயே பாதிப் பொழுது போய்விடும். போப்ஜிகா பள்ளத்தாக்கைச் சேர்த்தால் ஆறு அல்லது ஏழு. நாட்டின் நடுவே இருக்கும் பும்தாங் வரை போக ஆசை என்றால் ஒன்பதுக்குக் கீழே யோசிக்காதீர்கள், மலைப்பாதை அப்படி. மூன்று ராத்திரியில் "பூடான் முழுதும்" என்று விளம்பரம் வந்தால், சிரித்துவிட்டு அடுத்ததைப் பாருங்கள்.

தரைவழியாகப் போகிறவர்களுக்கு ஒரு சின்ன லாபம் இருக்கிறது. எல்லை ஊரான ஃபுன்ஷோலிங்கில் மட்டும் தங்கினால் முதல் 24 மணி நேரத்துக்கு எஸ்டிஎஃப் கிடையாது. சாயங்காலம் போய்ச் சேர்ந்து, அங்கே படுத்து எழுந்து, காலையில் மலை ஏறினால் ஒரு ராத்திரிக் காசு மிச்சம்.

எப்போது போவது

மார்ச் முதல் மே வரை, செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை. இந்த இரண்டும்தான் நல்ல காலம். முதலாவதில் பாரோ செச்சு திருவிழா வரும், இரண்டாவதில் திம்பு செச்சு வரும். தேதிகள் பூடான் நாட்காட்டிப்படி ஒவ்வொரு வருடமும் மாறும், அதைப் பார்த்துவிட்டு ஓட்டலுக்குச் சொல்லுங்கள். விழா நாட்களில் பாரோவில் அறை கிடைப்பது குதிரைக் கொம்பு.

ஜூன் முதல் ஆகஸ்ட் வரை மழை. விலை குறைவாக இருக்கும், மலை பச்சைப்பசேல் என்று இருக்கும், ஆனால் ஃபுன்ஷோலிங்–திம்பு பாதையில் மண் சரிந்தால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். டிசம்பர், ஜனவரியில் குளிர் எலும்பில் இறங்கும். பதிலுக்கு வானம் துடைத்து வைத்த மாதிரி இருக்கும், பனிமலைகள் வரிசையாகத் தெரியும். என்னைக் கேட்டால் நவம்பர் நடுவில் போவேன். கருங்கழுத்துக் கொக்குகள் திபெத்திலிருந்து போப்ஜிகாவுக்கு வந்து இறங்கியிருக்கும். அங்கே காங்டே மடாலயத்தில் நவம்பர் 11-ம் தேதி கொக்குத் திருவிழா வேறு நடக்கும்.

அரசு விடுமுறைகளையும் ஒரு கண் பாருங்கள். பிப்ரவரி 21 முதல் 23 வரை மன்னர் பிறந்தநாள், டிசம்பர் 17 தேசிய நாள். எல்லையில் போய் நேரில் பர்மிட் வாங்கும் திட்டம் இருந்தால் இந்தத் தேதிகளைத் தவிர்ப்பது நல்லது.

காகிதங்கள்: இங்கே அவசரப்படாதீர்கள்

இந்தியர்களுக்கு இரண்டில் ஒன்று போதும். குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், அல்லது வாக்காளர் அடையாள அட்டை. ஆதார் செல்லாது. ஓட்டுநர் உரிமம், பான் கார்டு எதுவும் செல்லாது. "போன மாசம் என் நண்பன் ஆதாரைக் காட்டிட்டுப் போனான்" என்று ஒரு நண்பர் எல்லாருக்கும் இருப்பார். அவரை நம்பி 2,500 கிலோமீட்டர் ரயில் ஏறாதீர்கள்.

18 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு பாஸ்போர்ட் இல்லையென்றால் பிறப்புச் சான்றிதழ், கூடவே பெற்றோர். இந்தப் பிறப்புச் சான்றிதழில்தான் நம்மவர்கள் மாட்டிக்கொள்வது. குழந்தை பிறந்த வாரமே வாங்கி பீரோவில் வைத்திருப்போம். எடுத்துப் பார்த்தால் அப்பா பெயர், அம்மா பெயர், ஆஸ்பத்திரி எல்லாம் இருக்கும், குழந்தையின் பெயர் இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். பெயர் வைப்பதற்கு முன் வாங்கிய சான்றிதழ் அது. பெயரைச் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்க நேரம் பிடிக்கும். அதனால் டிக்கெட் போடும் முன் பீரோவைத் திறந்துவிடுங்கள்.

அடுத்தது இனிஷியல். நம் பெயர் ஒவ்வொரு அட்டையிலும் ஒவ்வொரு அவதாரம் எடுக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக நீண்டிருக்கும். வாக்காளர் அட்டையில் பெயர் மட்டும் இருக்கும். விமான டிக்கெட்டில் இனிஷியலும் பெயரும் ஒட்டிப்போய் ஒரே சொல்லாக நிற்கும். எங்கள் குழுவில் ஒருவர் பர்மிட் விண்ணப்பத்தை வாக்காளர் அட்டையை வைத்து நிரப்பிவிட்டு, கையில் பாஸ்போர்ட்டை மட்டும் எடுத்து வந்துவிட்டார். ஆள் ஒன்றுதான், எண் வேறு, பெயரின் நீளமும் வேறு. கவுன்டரில் இருந்த பெண் கோபப்படவில்லை. பாஸ்போர்ட்டையும் திரையையும் மூன்று முறை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "புதிதாக விண்ணப்பியுங்கள்" என்று மட்டும் சொன்னார். தப்பு எங்கள் பக்கம், யாரைச் சொல்ல முடியும்? அந்த ஒரு காலைப்பொழுது போனது போனதுதான். அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு விதி: எந்த அடையாள அட்டையில் விண்ணப்பமோ, அதே அட்டைதான் விமான டிக்கெட்டுக்கும் ஓட்டலுக்கும் செக்போஸ்ட்டுக்கும். இன்னொன்றைப் பையின் அடியில் போட்டுவிடுவது.

விமானத்தில் போகிறவர்களும் இந்தியாவிலிருந்து நேராகப் பாரோவுக்கு என்றால் வாக்காளர் அட்டையிலேயே போகலாம். பாங்காக் வழியாக என்றால் பாஸ்போர்ட் இல்லாமல் நடக்காது. இலங்கை, மலேசியக்காரர்களுக்கு இந்தக் குழப்பமே இல்லை, அவர்களுக்குப் பாஸ்போர்ட் ஒன்றுதான் வழி.

இவற்றோடு பாஸ்போர்ட் அளவு போட்டோ, ஓட்டல் முன்பதிவுச் சீட்டு, எந்த நாள் எந்த ஊர் என்ற திட்டம். எல்லாவற்றிலும் இரண்டு நகல் காகிதத்தில் எடுத்துக்கொள்ளுங்கள். மலையில் சிக்னல் இல்லாத இடத்தில் போனில் இருக்கிற பிடிஎஃப் யாருக்கும் உதவாது.

விண்ணப்பம்

பூடான் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால் உரிமம் பெற்ற பூடான் ஏஜென்ட் மூலமாகச் செய்யலாம். விசாவுக்கு ஐந்து வேலைநாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் சொல்வது, பயணத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். எஸ்டிஎஃப் மொத்தமும் அப்போதே கட்ட வேண்டும். விசா என்பது மின்னஞ்சலில் ஒரு கடிதமாக வரும், அதைக் காட்டிவிட்டு இறங்கினதும் முத்திரை போடுவார்கள்.

இந்தியர்கள் ஃபுன்ஷோலிங் குடிவரவு அலுவலகத்தில் நேரிலும் வாங்கலாம். முடியும் என்பதற்காக அதை நம்பிப் போகாதீர்கள். சீசனில் வரிசை நீளம், உங்கள் முதல் நாளை அது தின்றுவிடும். ஆன்லைனில் போட்டுவிட்டுப் போனால் எல்லைக் கேட்டில் சரிபார்ப்பதோடு முடிந்துவிடும்.

திட்டத்தில் ஊர்களை எழுதும்போது தாராளமாக எழுதுங்கள். திம்பு, பாரோ இரண்டைத் தாண்டி எங்கே போவதானாலும் அனுமதி பார்ப்பார்கள். புனாகாவுக்குப் போகும் வழியில் ஹோங்ட்சோ செக்போஸ்ட்டில் வண்டி நிற்கும், காகிதம் கேட்பார்கள். "ஹா பள்ளத்தாக்கும் நல்லா இருக்குமாமே, போயிட்டு வருவோம்" என்று அங்கே போய் மனசு மாறுகிற பயணம் பூடானுக்கு ஒத்துவராது. கிழக்கே மெராக், சாக்டெங் மாதிரி இடங்களுக்குத் தனி அனுமதியே வேண்டும்.

கைடும் வண்டியும்

திம்புவுக்கும் பாரோவுக்கும் வெளியே கைடு கட்டாயம். மலையேற்றப் பாதைகளுக்கும் அப்படித்தான். அந்த இரண்டு ஊருக்குள் மட்டும் இருந்துவிட்டு வருவதானால் கைடு இல்லாமல் சமாளிக்கலாம், டாக்சி பிடித்துக்கொள்ளலாம். டாக்சியின் நம்பர் பிளேட் 'பிடி' என்று தொடங்கும். வேறு எழுத்தில் தொடங்கும் வண்டி "டாக்சி வேணுமா" என்று நின்றால் ஏறாதீர்கள்.

செலவைக் குறைக்க வேண்டுமென்றால் ஓட்டலில் குறையுங்கள், கைடில் குறைக்காதீர்கள். ஜோங் என்கிற கோட்டை மடாலயங்களுக்குள் சுவர் முழுக்க ஓவியம் இருக்கும். விவரம் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லையென்றால் பத்து நிமிடத்தில் எல்லாம் ஒரே மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும். அனுமதிச் சீட்டு, செக்போஸ்ட், பாதை அடைப்பு எல்லாம் அவர் தலைவலி, உங்களுடையது அல்ல. நான்கு பேர் சேர்ந்து போனால் தலைக்கு விழும் தொகை பெரிதாகத் தெரியாது.

ஏஜென்ட்டிடம் விலை கேட்கும்போது மொத்தத் தொகையைச் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். எஸ்டிஎஃப் எவ்வளவு, ஓட்டல் எவ்வளவு, வண்டி, கைடு, நுழைவுக் கட்டணங்கள் எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எஸ்டிஎஃப் நீங்களே போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. அது இடித்தால் மற்றவையும் இடிக்கும். இன்னொன்று, நினைவுச்சின்னங்களுக்கும் மடாலயங்களுக்கும் நுழைவுச்சீட்டு தனி. டக்சங் மடாலயத்துக்கு மட்டுமே தலைக்கு 2,000 நுல்ட்ரம். "எல்லாம் அடக்கம்" என்று சொல்கிற பேக்கேஜில் பெரும்பாலும் இதுதான் அடங்கியிருக்காது.

சொந்தக் காரில், பைக்கில் போக ஆசைப்படுகிறவர்களுக்கு: விடுவார்கள், ஆனால் வெளி வண்டிக்கு நாள் கணக்கில் தனிக் கட்டணம் உண்டு. நான்கைந்து நாளுக்கு அதைப் பெருக்கிப் பார்த்தால் உள்ளூர் வண்டியே தேவலை என்று தோன்றும்.

உள்ளே நுழைவது

வான்வழி என்றால் பாரோ. கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, இரண்டு மலைகளுக்கு நடுவே ஒரு துண்டு ஓடுபாதை. ட்ரூக்ஏர், பூடான் ஏர்லைன்ஸ் இரண்டும்தான் முக்கியமாக ஓட்டுகின்றன. விமானி கண்ணால் பார்த்து இறக்க வேண்டிய இடம் என்பதால் பகலில் மட்டும்தான் விமானம். மேகம் மூடினால் தாமதம், சில சமயம் ரத்து. எனவே திரும்பும்போது பாரோ விமானத்தையும் அடுத்த ஊர் விமானத்தையும் ஒரே நாளில் நெருக்கிப் போடாதீர்கள். டெல்லியிலிருந்தோ காத்மாண்டுவிலிருந்தோ போனால் இடப்பக்க ஜன்னல் சீட்டைக் கேட்டு வாங்குங்கள், எவரெஸ்ட் அந்தப் பக்கம்தான்.

தரைவழி என்றால் நியூ ஜல்பாய்குரி அல்லது ஹாசிமாரா வரை ரயில். ஹாசிமாராவிலிருந்து எல்லையை ஒட்டிய ஜெய்கான் பக்கம்தான், அரை மணிச் சொச்சம். ஜெய்கானில் ஹாரன் சத்தமும் நெரிசலும் காதைப் பிளக்கும். கேட்டைத் தாண்டி நாலு அடி வைத்தால் ஹாரன் நின்றுவிடும். முதல் தடவை போகிறவர்கள் எல்லாரும் ஒரு நிமிடம் அங்கேயே நின்று திரும்பிப் பார்ப்பார்கள்.

ஃபுன்ஷோலிங்கிலிருந்து திம்புவுக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர், ஐந்து மணி நேரம். 300 மீட்டர் உயரத்திலிருந்து 2,300-க்கு ஏறுகிறீர்கள். வழி முழுக்க வளைவு. வயிறு புரட்டுகிறவர்கள் முன் சீட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள், காலையில் அரை வயிறு சாப்பாடு போதும். கொஞ்ச தூரத்தில் ரின்சென்டிங் செக்போஸ்ட், அங்கே பர்மிட்டைப் பார்ப்பார்கள்.

நாள்வாரித் திட்டம், புலிக்கூட்டை எங்கே வைப்பது

ஐந்து ராத்திரிக்கு என் வரிசை: திம்புவில் ஒன்று, புனாகாவில் இரண்டு, பாரோவில் இரண்டு. பாரோவில்தான் இறங்குகிறீர்கள் என்றாலும் அன்றைக்கே ஒரு மணி நேரச் சொச்சத்தில் திம்பு போய்விடலாம்.

திம்புவில் சிக்னல் விளக்கே கிடையாது. நாற்சந்தியில் வேலைப்பாடு செய்த ஒரு சின்ன மண்டபத்துக்குள் போலீஸ்காரர் வெள்ளைக் கையுறையோடு கைகளை வளைத்து வளைத்து வண்டிகளை அனுப்புவார். பார்க்கப் பாதி நாட்டியம் மாதிரி இருக்கும். பொது அஞ்சலகத்துக்குப் போனால் உங்கள் படத்தையே தபால்தலையாக அச்சிட்டுக் கொடுப்பார்கள், ஒட்டி ஊருக்குப் போஸ்ட்கார்டு போடலாம். குழந்தைகள் இருந்தால் இது ஒன்றுக்காகவே போகலாம்.

புனாகாவுக்கு தோச்சுலா கணவாய் வழி, 3,100 மீட்டர். 108 சோர்டன்கள் (புத்த ஸ்தூபிகள்), வானம் தெளிவாக இருந்தால் பின்னால் இமயம். அதைத் தாண்டி இறங்கினால் 1,200 மீட்டரில் புனாகா, வாழைமரமே இருக்கும். போ ச்சூ, மோ ச்சூ இரண்டு ஆறும் சேரும் முனையில் புனாகா ஜோங் நிற்கிறது. பூடானை ஒரே நாடாக இணைத்த ஷப்த்ருங் நாவாங் நம்கியால் 1637-ல் கட்டத் தொடங்கியது. குளிர்காலத்தில் தலைமை மடாதிபதியும் துறவிகளும் திம்புவிலிருந்து இங்கே குடிபெயர்ந்து வந்துவிடுவார்கள்.

பாரோவின் டக்சங், அதாவது புலிக்கூடு, கடைசி முழு நாளுக்கு. இதில் நான் பிடிவாதம். வந்த மறுநாளே ஏறுகிறவர்கள் பாதியில் மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார்கள். நாலு நாள் மலையில் இருந்து உடம்பு பழகிய பிறகு ஏறினால் அதே பாதை இறங்கிக் கொடுக்கும். மடாலயம் 3,120 மீட்டரில் செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1692-ல் கட்டியது, 1998-ல் தீப்பிடித்து எரிந்து, மறுபடி எழுப்பி 2005-ல் திறந்தார்கள்.

காலை எட்டு மணிக்குள் அடிவாரத்தில் இருங்கள். ஏற இரண்டரை மணி நேரம் முதல் மூன்று மணி நேரம். நடுவில் ஒரு சிற்றுண்டிச்சாலை வரும், அதுவரை குதிரை கிடைக்கும், இறங்கும்போது குதிரை கிடையாது. அங்கே உட்கார்ந்து எதிரே பார்த்தால் மடாலயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிற மாதிரி தெரியும், ஏமாந்துவிடாதீர்கள். இன்னும் ஒரு மணி நேரம் ஏறி, அப்புறம் பள்ளத்துக்குப் படியில் இறங்கி, அருவிப் பாலத்தைத் தாண்டி, மறுபடி படி ஏற வேண்டும். மொத்தம் எழுநூறு படிக்குக் குறையாது. முட்டிவலிக்காரர்கள் சிற்றுண்டிச்சாலையோடு நிறுத்திக்கொள்வதில் ஒரு குறையும் இல்லை, நல்ல படம் அங்கிருந்துதான் விழும். வாசலில் போன், கேமரா, பை எல்லாவற்றையும் லாக்கரில் வைத்துவிட வேண்டும். உள்ளே படம் எடுக்க முடியாது. அகர்பத்தியும் வெண்ணெய் விளக்கும் கலந்த வாசனையில், கையில் போன் இல்லாமல் சும்மா உட்கார்ந்திருப்பது முதல் ஐந்து நிமிடம் ஒரு மாதிரியாகத்தான் இருக்கும்.

செய்யக்கூடாதவை

ஜோங், மடாலயம் எதற்குள்ளும் முழுக்கை, முழுக்கால் மூடிய உடை வேண்டும். தொப்பியைக் கழற்றிவிட வேண்டும், குடை பிடிக்கக்கூடாது. சோர்டனை வலமாகச் சுற்ற வேண்டும். கோயில் பிரகாரம் சுற்றிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன்மேல் ஏறுவது, சாய்ந்து உட்காருவது பெரிய குற்றம். 2019-ல் இந்தியாவிலிருந்து பைக்கில் போன குழுவில் ஒருவர் தோச்சுலா சோர்டன் ஒன்றின் மேல் ஏறி நின்று படம் எடுத்துக்கொண்டார். நாடே கொதித்துவிட்டது, போலீஸ் பிடித்து விசாரித்தது. இந்தியர்களுக்கும் கட்டணம் வேண்டும், கைடு வேண்டும் என்று அங்கே பேச்சு சூடுபிடித்திருந்த நேரம் அது.

டிரோன் கொண்டுபோகாதீர்கள், முன் அனுமதி இல்லாமல் பறக்கவிட முடியாது. சிகரெட் பிடிப்பவர்கள் எல்லையில் அறிவித்து வரி கட்டி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பொது இடத்தில் புகைக்கக்கூடாது. பழைய சிலை, ஓவியம் வாங்கினால் அது நூறு வருடத்துக்கு உட்பட்டது என்று சான்றிதழ் இல்லாமல் வெளியே கொண்டுவர முடியாது. சிகரம் ஏறும் ஆசையெல்லாம் வேண்டாம். 2003 முதல் அங்கே மலைச்சிகரம் ஏறவே தடை. அதனால்தான் 7,570 மீட்டர் காங்கர் புயென்சும் இன்னும் யாரும் ஏறாமல் நிற்கிறது.

தங்கம் பற்றிக் கேட்காமல் யாரும் விடுவதில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். எஸ்டிஎஃப் கட்டியவர்களுக்கு அங்கே வரியில்லாத் தங்கம் விற்கிறார்கள், உண்மைதான். ஆனால் இந்தியாவுக்குள் நகைக்கு வரிவிலக்கு என்பது ஓராண்டுக்கு மேல் வெளிநாட்டில் தங்கித் திரும்புகிறவர்களுக்குத்தான். ஐந்து ராத்திரி போய்வந்தவர் சுங்கத்தில் அறிவித்து வரி கட்ட வேண்டும். கட்டின பிறகு என்ன மிச்சம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பணம், போன், சாப்பாடு

இந்திய ரூபாயை எல்லாரும் வாங்குவார்கள், 100 ரூபாய் நோட்டாக நிறைய எடுத்துக்கொள்ளுங்கள். 2021 முதல் பீம் யுபிஐ அங்கே உண்டு, ஆனால் கடைக்குக் கடை வேறுபடும், அதை மட்டும் நம்பாதீர்கள். பி-மொபைல், டாஷிசெல் இரண்டில் ஒரு சிம் வாங்கலாம், பர்மிட் நகல் கேட்பார்கள். நேரம் இந்தியாவைவிட அரை மணி முன்னால். எல்லைப் பக்கம் போன் தானாக முன்னும் பின்னும் குதிக்கும், அலாரம் வைக்கும்போது கவனம்.

சைவர்கள் பயப்பட வேண்டாம். அங்கே மிளகாய் ஒரு காய்கறி. ஏமா தாட்சி என்றால் மிளகாயைப் பாலாடைக்கட்டியில் வேகவைத்த குழம்பு, சிவப்பரிசிச் சோற்றோடு வரும். நாங்கள் காரத்துக்குப் பிறந்தவர்கள் என்று சவடால் பேசி உட்கார்ந்த ஒருவருக்கு மூன்றாவது வாயில் கண்ணில் நீர் கட்டியதைப் பார்த்திருக்கிறேன். உருளைக்கிழங்கில் செய்யும் கேவா தாட்சி சாதுவானது, குழந்தைகளுக்கு அதைச் சொல்லுங்கள். சூஜா என்கிற வெண்ணெய்த் தேநீர் உப்புக் கரிக்கும். டீ என்று நினைத்துக் குடித்தால் பிடிக்காது, சூப் என்று நினைத்துக் குடித்தால் பிடிக்கும்.

ராத்திரி ஒரு கம்பளி, தெரு நாய் குரைப்புக்கு ஒரு காதடைப்பான், வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகள் மருந்துச்சீட்டோடு. உயரத்தில் தலைவலி வந்தால் நிறையத் தண்ணீர், ஓய்வு, குறையவில்லை என்றால் கீழே இறங்கிவிடுவது.

திரும்பும்போது

பர்மிட்டில் கடைசித் தேதி எது என்று முந்தின நாளே பாருங்கள். ஒரு ராத்திரி கூடுதலாகத் தங்க நேர்ந்தால் முன்கூட்டியே கைடிடம் சொல்லி நீட்டித்துக்கொள்ள வேண்டும், எல்லையில் போய்ச் சமாளிக்கலாம் என்று விட்டுவிடக்கூடாது. தரைவழியாக வெளியேறுகிறவர்கள் வந்த மாதிரியே நடந்து கேட்டைத் தாண்டிவிடாமல், வெளியேறியதைப் பதிவு செய்ய வேண்டும். ஜெய்கான் டீக்கடையில் உட்கார்ந்த பிறகு ஞாபகம் வந்து திரும்ப ஓடுகிறவர்கள் தினமும் உண்டு.

பையில் மிச்சமிருக்கும் நுல்ட்ரமை ஃபுன்ஷோலிங்கிலேயே செலவழித்துவிடுங்கள், இல்லாவிட்டால் ரூபாயாக மாற்றிக்கொள்ளுங்கள். ஜெய்கான் கடைக்காரர் வாங்கிக்கொள்வார். ஹாசிமாரா ஸ்டேஷனில் வாழைப்பழம் விற்கிறவர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு உங்கள் கையிலேயே கொடுத்துவிடுவார்.